வைக்கோல் கன்றும் வெள்ளையம்மாவும்

வாய்க்காலில் கழுத்து வரை அமிழ்ந்து கிடந்த வெள்ளையம்மா மூக்கை மேலே தூக்கி, "தண்ணி இன்னைக்குக் கொஞ்சம் பழசு. எங்கயோ தேங்கி நின்னுட்டு வருது" என்றது.

கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜெசிந்தா சிரித்தாள். மேலே மதகை அடைத்து வைத்திருந்து அன்று காலைதான் திறந்தார்கள் என்பது அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிய வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை.

வெள்ளையம்மா ஓர் எருமை. அடுப்புக்கரி தோற்றுப்போகும் கறுப்பு. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் செங்காளியப்பன் தொழுவத்தில் அது பிறந்தபோது, அவருடைய குசும்பு பிடித்த தகப்பனார் வைத்த பெயர். அதன் கழுத்தில் தொங்கிய பித்தளை நிறக் குமிழுக்கு உரைமணி என்று பெயர். தொண்டையின் அதிர்வையும் மூச்சின் ஏற்ற இறக்கத்தையும் கழுத்து நரம்பின் துடிப்பையும் சேர்த்துப் படித்து, அந்தப் பிராணி சொல்ல நினைப்பதை மனிதப் பேச்சாக ஒலிக்கும் கருவி அது. எந்த வீட்டில் கட்டுகிறார்களோ அந்த வீட்டுப் பேச்சையே பழகிக்கொள்ளும். தூத்துக்குடி ஆடு ஒரு தமிழும் மயிலாப்பூர்ப் பூனை ஒரு தமிழும் பேசின. வாயில்லா ஜீவன் என்ற சொல் வழக்கொழிந்து ரொம்பக் காலமாகிவிட்டது.

மணி வந்ததும் முதலில் துள்ளிக் குதித்தவர்கள் சினிமாக்காரர்கள்தான். பேசும் பிராணி வந்தால் குழந்தைகள் வருவார்கள், குழந்தைகள் வந்தால் குடும்பமே வரும். ஆனால் அவர்கள் புத்தி எங்கே போகும்? மணியின் சத்தத்தை மட்டும் அடைத்துவிட்டு, பழைய வழக்கப்படி ஆள் வைத்துக் குரல் கொடுத்தார்கள். ஒரு படத்தில் குதிரை ஒன்று தேசபக்தி பொங்க வீரவசனம் பேசியது. அந்தக் காட்சி முழுக்க அது உண்மையில் "கால் வலிக்குது, கால் வலிக்குது" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது பின்னால் வெளியானது. ஊரே கொதித்துப்போனது. அதன் பிறகு வந்தது சட்டம். திரையில் பிராணி பேசுவதெல்லாம் அதுவே அந்த இடத்தில் தானாகச் சொன்னதாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் பெட்டி பச்சை விளக்கு காட்டி மெய்முத்திரை குத்தினால்தான் படம் தியேட்டருக்குப் போகும்.

வசனம் எழுதிப் பிழைத்த ஜெசிந்தாவின் தொழில் இப்படித்தான் மாறியது. இப்போது அவள் சொல்வாங்கி. கதைக்கு வேண்டிய வார்த்தையைப் பிராணி தானாகவே சொல்லும்படி சூழ்நிலை அமைப்பது அவள் வேலை. எந்தப் பேச்சை வெட்டி எறிவதென்றாலும் அப்படியே விடுவதென்றாலும் அவள் கைரேகை வேண்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்களே, அதையே படிப்பாகப் படித்து வைத்திருந்தாள்.

இந்தத் தொழில் மொத்தமும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது. பிராணிக்குப் பொய் தெரியாது. மணியைக் கண்டுபிடித்தவர்கள் அப்படித்தான் அடித்துச் சொன்னார்கள். நாடும் அப்படியே நம்பியது. ஜெசிந்தா மற்ற எல்லோரையும்விடக் கெட்டியாக நம்பினாள். அதற்குக் காரணம், பெரம்பூரில் அவளுடைய சின்ன அடுக்ககத்தில் இருந்த சுண்டல் என்ற நாய். கணவர் போன பிறகு வீட்டில் அவளும் அதுவும்தான். படப்பிடிப்புக்குப் போனால் நாள்கணக்கில் அது தனியாகக் கிடக்கும். சோறும் தண்ணீரும் நேரத்துக்கு வைக்க இயந்திரம் இருந்தது. திரும்பி வந்ததும் அவள் முதலில் கேட்பது, "தனியா இருந்தியே, பயமா இருந்துச்சா?" என்றுதான். சுண்டல் ஒவ்வொரு முறையும், "இல்ல. நல்லா தூங்குனேன்" என்னும். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அடுத்த ஊருக்கு ரயில் ஏறினாள். அந்தப் பதில் இல்லாவிட்டால் அவளால் வேலைக்குப் போயிருக்க முடியாது; வேலைக்குப் போகாவிட்டால் வேறு வழியும் கிடையாது.

அன்று பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த கேமராவை நிறுத்தாமல் பாலித்தீன் மட்டும் போர்த்திவிட்டு எல்லோரும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். வெள்ளையம்மா மட்டும் வெட்டவெளியில் அசையாமல் நின்றது.

"பாருங்கப்பா, எருமை மேல மழை பெஞ்ச மாதிரி!" என்றார் லைட்மேன் ஒருவர். பழமொழியே நேரில் வந்து நிற்பதைப் பார்த்துக் கொட்டகை முழுக்கச் சிரித்தது.

ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டேதான் குடையை விரித்துக்கொண்டு அதன் அருகில் போனாள். "நனையறியே, ஒதுங்கி நிக்கலாமில்ல?"

மணி தணிந்த குரலில், "சத்தம் போடாதே. கேட்டுட்டு இருக்கறேன்" என்றது.

"எதைக் கேக்குற?"

"முதுகுல விழுகறது ஒரு பேச்சு. விலாவுல வழியறது ஒரு பேச்சு. அந்தக் கரும்புக்காட்டுல விழுந்து தெறிச்சு வர்றது இன்னொண்ணு. இந்த மேகம் பாறை காஞ்சு கெடந்த மலை மேல ஏறி வந்திருக்குது. அந்தச் சூடு இன்னும் துளிக்குள்ள இருக்குது. பொறகால வர்றது வேற மேகம். அதுல உப்பு இருக்குது. ரண்டும் எம்முதுகு மேலதான் ஒண்ணையொண்ணு பாத்துக்கும்."

"தினமும் இப்படித்தான் கேப்பியா?"

"மழை தெனமும் வருதா என்ன? வரும்போது நிக்க வேண்டாமா?"

ஜெசிந்தாவுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. எத்தனை தலைமுறையாகச் சொரணை கெட்டவர்களுக்கு இந்தப் பிராணியை உவமை சொல்லி வந்திருக்கிறோம்! அது என்னவென்றால், தோல் முழுவதையும் காதாக்கி வானத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. ஒதுங்கி ஓடிய நாம்தான் எதையும் கேட்கவில்லை. அவள் குடையை மடக்கினாள். அதன் பக்கத்தில் தானும் நின்று பார்த்தாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் தண்ணீர்ச் சத்தம்தான். அதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பியபோது இயக்குநர் கார்வண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பதைத் தாண்டாத இளைஞன். அவள் எழுதிய பழைய படங்களைப் பார்த்து வளர்ந்தவன்.

"மழையப் பத்தி மணிக்கணக்கா பேசுது. எனக்கு வேண்டிய ரெண்டே வார்த்தையைச் சொல்ல மாட்டேங்குது. நாளைக்கு எப்படியாவது வாங்கிக் குடுத்துருங்கக்கா" என்றான்.

அந்த இரண்டு வார்த்தைதான் படத்தின் உயிர். கதை இதுதான்: தாயை இழந்த ஒரு சிறுமி, கன்றை இழந்த ஓர் எருமை. முடிவில் அழும் சிறுமியைப் பார்த்து எருமை "நான் இருக்கறேன்" என்று சொல்ல வேண்டும். தியேட்டரில் கைக்குட்டைகள் நனைய வேண்டும். ஆனால் சிறுமியாக நடித்த மிருதுளாவை எத்தனை தடவை முன்னால் நிறுத்தினாலும் வெள்ளையம்மா, "இந்த அம்மிணிக்குத் தலைக்கு எண்ணெய் வெய்யுங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

"நிஜமாவே இது கன்னுக்குட்டியை இழந்த எருமைதானே? அதைக் கொஞ்சம் கிளறி விட்டா வராதா?" என்றான் கார்வண்ணன்.

கேட்டுக்கொண்டிருந்த செங்காளியப்பன் தரையைப் பார்த்தார். அவரிடமிருந்து விஷயத்தை வாங்கச் சொல்வாங்கிக்கே சிறிது நேரம் பிடித்தது.

"அதுங்க அம்மிணி, கன்னுக்குட்டி செத்தப்பறம் இவ பாலை எறக்கவே இல்லீங்க. மடி கட்டிக்கிச்சு. தொட்டா வலியில ஒதைக்கறா. அப்பறம் எங்கப்பாரு காலத்துல செய்யற மாதிரி, அந்தத் தோலை உரிச்சு, வைக்கோலைத் திணிச்சு, கன்னுக்குட்டியாட்டம் முன்னால நிறுத்துனனுங்க. மோந்து பாத்தா. நக்குனா. பால் எறங்கிருச்சு. வாயில்லாததை ஏமாத்தறமேன்னு... இப்பத்தான் இவளுக்கும் வாய் வந்துருச்சுங்களே, அதுக்கு மேல நிறுத்த மனசு வரலீங்க. நீங்க படத்துக்குன்னு இவளுக்கு மணி கட்டற அன்னைக்கே பரண்ல தூக்கி வெச்சுப்போட்டன்."

கார்வண்ணனின் முகம் மலர்ந்தது. வைக்கோல் கன்றை எருமை முன்னால் நிறுத்துவது; கேமரா கண்ணுக்குப் படாதபடி ஒரு தட்டியின் பின்னால். மிருதுளாவை அதற்கு ஒட்டி உட்கார வைப்பது. கன்றைப் பார்த்துத் தாய்ப்பாசம் பொங்கி அது பேசும். பார்ப்பவர்களுக்கு அது சிறுமியிடம் பேசியதாகப் படும். எருமை தானாகச் சொன்னதா என்று மட்டும்தானே பெட்டி பார்க்கும்!

ஜெசிந்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அதைவிட மோசமானவற்றையும் சூழ்நிலை என்ற பெயரில் அவள் அமைத்திருக்கிறாள். சரி என்றாள்.

மறுநாள் காலை தொழுவத்திலேயே காட்சி வைத்தார்கள். செங்காளியப்பன் பரணிலிருந்து கன்றை இறக்கி வந்தார். கண் இருந்த இடத்தில் தையல். ஒரு காது மடிந்திருந்தது. அவர் அதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிருதுளாவின் கண்ணில் கிளிசரின் விட்டார்கள். கேமரா ஓடத் தொடங்கியது.

வெள்ளையம்மா கழுத்தை நீட்டி மோந்தது. நெற்றியிலிருந்து முதுகு வரை மெதுவாக நக்கியது. மடிந்திருந்த காதை நாக்காலேயே நிமிர்த்தியது.

"யாரு இது?" என்று ஜெசிந்தா மெல்லக் கேட்டாள்.

"வைக்கோல்" என்றது வெள்ளையம்மா.

கார்வண்ணன் தலையில் கை வைத்தான். கட் சொல்லத்தான் வாயெடுத்தான். ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினாள். தொழிலுக்காக அல்ல. அவளுக்குக் கேட்டே ஆகவேண்டியிருந்தது.

"உன் கன்னுக்குட்டி இல்லையா?"

"தோல் அதோடது. உள்ளே வைக்கோல். நம்ம களத்து வைக்கோல்தான்."

"எப்போ தெரிஞ்சுது?"

"அன்னைக்கே தெரியும். அது மூச்சு நின்னது எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

"தெரிஞ்சா ஏன் நக்குன? ஏன் பால் குடுத்த?"

வெள்ளையம்மா செங்காளியப்பன் இருந்த பக்கம் தலையைத் திருப்பியது. "இவன் தூக்கிட்டு வந்தான். கை நடுங்குச்சு. இப்ப நிக்கறானே, இதேமாதிரி மூஞ்சியத் திருப்பிட்டு நின்னான். ராத்திரியெல்லாம் தைச்சிருக்கறான், விரல்ல ரத்த வாசம். அத்தனை வெசனம். நானும் நம்பலைன்னா இவன் ஒடஞ்சு போயிருவான். கன்னுக்குட்டிதான் போயிருச்சு, இவனாவது நல்லா இருக்கட்டும்னு நக்குனேன். நக்க நக்க மனசு எறங்குச்சு. பாலும் எறங்குச்சு."

செங்காளியப்பன் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்தார். வாயில் துண்டை அழுத்திக்கொண்டு, "நாந்தான் ஏமாத்தறேன்னு நெனச்சேன்... தெனமும் பால் பீச்சறப்பெல்லாம் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே ஆத்தா..." என்று குலுங்கினார்.

"அதுவும் கேட்டுச்சு" என்றது எருமை.

பிறகு அது மிருதுளாவைப் பார்த்தது. குழந்தை கன்னமெல்லாம் கிளிசரின் கண்ணீரோடு பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மிணி, உங்கண்ணுல மருந்து வாசம் வருது. அழுகை வாசம் வரலை."

மிருதுளா தப்புச் செய்து மாட்டிக்கொண்டவளாய் இயக்குநரைப் பார்த்தாள்.

"ஆனா உள்ளே எதையோ தேடிட்டிருக்கறே. வந்த நாளா வாசம் அடிக்குது."

"அம்மா" என்றாள் மிருதுளா. "அம்மா சென்னைல இருக்காங்க. ஷூட்டிங் முடிஞ்சாத்தான் பாக்க முடியும்னு சித்தி சொல்லிட்டாங்க." அதைச் சொல்லி முடிப்பதற்குள் உதடு கோணி, மருந்தில்லாத கண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளையம்மா இரண்டடி நகர்ந்து, வைக்கோல் கன்றை நக்கிய அதே சொரசொரப்பான நாக்கால் அவள் கன்னத்தை நக்கியது. "நான் இருக்கறேன்" என்றது.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மெய்.

யாரும் கைதட்டவில்லை. கட் சொல்ல வேண்டியவனே அதை மறந்திருந்தான். ஜெசிந்தாவின் உள்ளே ஒன்று பிளந்துகொண்டது. மணி பொய் சொல்லாது, சரி. பிராணி சொல்ல நினைத்ததை அது சொல்கிறது. ஆனால் சொல்ல நினைத்ததும் மனதில் இருப்பதும் ஒன்றுதான் என்று யார் சொன்னது? நாமாகத்தான் சொல்லிக்கொண்டோம். இந்தக் குழந்தையைக் கன்றாக நினைத்து நக்கியதா, வைக்கோலாக நினைத்து நக்கியதா? ஒரே நாக்கு, ஒரே பரிவு. வித்தியாசம் காட்டும் விளக்கு எந்தப் பெட்டியிலும் இல்லை.

படத்தொகுப்பு அறையில், "அந்த வைக்கோல் பேச்சை வெட்டிடலாம் தம்பி. கடைசி ரெண்டு வார்த்தை போதும். நான் கைரேகை வெக்கிறேன்" என்றாள் ஜெசிந்தா.

கார்வண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தான். "நீங்களா சொல்றீங்க? வெட்டக் கூடாதுன்னு நீங்க சண்டை போடுவீங்கன்னு நெனச்சேன்."

"இது வெளியில போனா அப்புறம் எந்த வீட்டுல எந்தப் பிராணி சொல்றதையும் யாரும் நம்ப முடியாது." சுண்டலின் பெயரை அவள் சொல்லவில்லை.

"எங்க வீட்டுக் கிளி தினம் காலைல 'நீ பெரிய ஆளு'ன்னு சொல்லும்க்கா. அதைக் கேட்டுட்டுத்தான் நானும் படம் எடுக்க வந்தேன். எனக்கு மட்டும் பயமா இல்லியா? ஆனா நாம அதை ஏமாத்தப் போனோம். அது நமக்காக ஏமாந்த மாதிரி நடிச்சிருக்கு. இதையும் வெட்டிட்டா நாம மனுசங்களா?"

அவள் வெகுநேரம் திரையில் உறைந்து நின்ற அந்தக் கறுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதையும் வெட்டாமலே கைரேகையை அழுத்தினாள்.

படம் ஓடியது, ஓடியதென்றால் சாதாரண ஓட்டமில்லை. குழந்தைகள் மழைக் காட்சியில் வாய் பிளந்தார்கள். அடுத்த மழைக்கு ஊர் ஊராகப் பிள்ளைகள் வெளியில் வந்து, கையை நீட்டிக்கொண்டு சத்தம் போடாமல் நின்றார்களாம், அம்மாக்கள் திட்டவில்லையாம். ஆனால் தொழுவக் காட்சி முடிந்து வெளியே வந்த பெரியவர்கள் ஒருவரோடொருவர் அதிகம் பேசவில்லை. நேரே வீட்டுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் எத்தனை வீடுகளில், எத்தனை நாயின் முன்னால், எத்தனை பேர் மண்டியிட்டு, "நிஜமாச் சொல்லு, என்னைப் பிடிக்குமா?" என்று கேட்டார்களோ! எல்லாப் பிராணியும் பிடிக்கும் என்றே சொன்னது. பெட்டி வைத்துப் பார்த்திருந்தால் பச்சை விளக்கும் எரிந்திருக்கும். யாருக்கும் நிம்மதி வரவில்லை.

மணி செய்யும் கம்பெனி சும்மா இருக்குமா? வெகுசீக்கிரம் உள்மணி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அது, பிராணி சொல்ல நினைப்பதை விட்டுவிட்டு, உணர்வதை மட்டும் சொல்லும். வாய் ஒன்று பேச, மனம் ஒன்று நினைத்தால் அதையும் சொல்லிவிடும். முதல் நாள் கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. எல்லோரும் கையில் எடுத்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், நல்லாத்தான் இருக்கு என்றார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். துணிந்து வாங்கிய ஒருவர் மறுநாளே பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார். நாய்க்கு நிறம் பிடிக்கவில்லையாம்.

விற்காத சரக்கைக் கம்பெனி படத்தில் வேலை செய்தவர்களுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. மதுரையில் வெற்றிவிழா முடிந்து ஜெசிந்தா வீடு திரும்பியபோது பெட்டி அவள் கையில் இருந்தது. கோபியிலிருந்து வந்த நாளாக அவள் சுண்டலிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பட்டும் படாமலும் பார்த்துக்கொண்டார்கள்.

சாவியைத் திருகிக் கதவைத் தள்ளினாள். சுண்டல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. எப்போதும் அங்கேதான் நிற்கும். கால்மிதி ஒரு நாயின் அளவுக்குக் குழிந்து, நார் தேய்ந்து, உள்ளங்கையை வைத்தால் சூடாக இருந்தது. அவளுடைய பழைய செருப்பு ஒன்று அதன் மேல் ஈரமாகக் கிடந்தது. கூடத்து மூலையில் அவள் ஆசையாக வாங்கிப்போட்ட மெத்தை மேல் ஒரு ரோமம்கூட இல்லை, தூசிதான் இருந்தது. கதவின் அடிப்பக்கத்தில் நகம் பட்டுப் பட்டுச் சாயம் போயிருந்தது. இதெல்லாம் இன்று முளைத்ததா என்ன? வருஷக்கணக்காக இங்கேதான் இருந்தது.

ஜெசிந்தா கால்மிதியிலேயே உட்கார்ந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பழைய குரலில் கேட்டாள்: "தனியா இருந்தியே, பயமா இருந்துச்சா?"

சுண்டல் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தது. கையை மோந்தது. "இல்ல. நல்லா தூங்குனேன்" என்றது.

பெட்டி மடியில் இருந்தது. திறப்பதற்கு ஒரு விரல் போதும். அவள் எழுந்துபோய் அதைப் பரணின் கடைசி மூலையில் தள்ளிவிட்டு வந்தாள். மறுபடி அதன் அருகில் உட்கார்ந்து, மடிந்திருந்த அதன் காதை விரலால் நிமிர்த்திவிட்டாள்.

"அப்படியா? சமத்து! எனக்கும் அதான் நிம்மதி" என்றாள்.

சுண்டல் வாலை ஆட்டியது. அவள் நம்பிவிட்டதில் அதற்கு அவ்வளவு சந்தோஷம்.